கடல்நீர்த் தொட்டியின் வரலாறு

கடலில் அள்ளிய ஒரு குடம் நீரையும் அந்நீரில் வாழ்ந்த சிறு மீனொன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து பாத்திரத்தில் விட்டுவைத்தால் மறுநாட் காலையில் என்ன நேரும் என்பதைக் கரையோரச் சிறுவர் யாவரும் அறிவர். நீர் கலங்கி நாறும். மீன் வயிற்றை மேலே காட்டி மிதக்கும். கடலில் அளவின்றிப் பெருகும் உயிர், அதே கடல்நீர் நிறைந்த பாத்திரத்தில் ஓரிரவும் தரியாமைக்குக் காரணம் யாது? இவ்வினாவுக்கு விடை காண மனிதர் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக முயன்று வந்துள்ளனர். இன்று பல நாடுகளில் வீட்டு மண்டபத்தின் மூலையிலே கண்ணாடித் தொட்டி வைத்து, அதில் உயிருள்ள முருகைக்கற்களையே வளர்ப்போர் உளர். சிறு தொட்டியோடு தொடங்கியவர் சில காலம் சென்றதும் அதனைப் பெருந்தொட்டியாக மாற்ற விரும்புவார். அயலவர் அதனை ஆடம்பரம் என்று எண்ணக்கூடும். ஆனால் அவ்விருப்பத்துக்குத் தக்க காரணமுண்டு. அக்காரணம் சிறிது சிறிதாகக் கண்டறியப்பட்ட வரலாறு சுவையானது.

பிரான்சு நாட்டில் 1794 ஆம் ஆண்டிற் பிறந்த ஜீன் வில்பிரோ என்னும் பெண் பாரிசு நகரிலே தையல் வேலை செய்து பிழைத்தவர். ஆங்கில வணிகர் ஒருவரை மணந்து சிசிலித் தீவின் மெசீனா நகரிற் குடியேறிய அவர், அங்கே கடலுயிர்களை ஆராயத் தலைப்பட்டார். ஆர்கனோட் என்பது எட்டுக் கைகளையுடைய ஒரு கணவாயினம். கடதாசி போன்ற மெல்லிய ஓட்டினுள் அது வாழ்கிறது. அவ்வோடு அதனுடையதா, வேறோர் உயிரிடமிருந்து கவர்ந்ததா என்பது பற்றி அறிஞரிடையே நெடுங்கால வழக்கு இருந்தது. உயிரைக் கொன்று சாராயத்தில் ஊறவைத்துப் பார்த்தால் இதற்கு விடை கிடையாது. உயிரோடு வைத்தே பார்த்தல் வேண்டும். இதற்காக அவர் 1832 ஆம் ஆண்டளவிற் கண்ணாடித் தொட்டிகளை அமைத்தார். ஓட்டை உடைத்துவிட்டுக் காத்திருந்தார். உடைந்த இடத்தை அவ்வுயிர் தானே செப்பனிடுவதைக் கண்டார். வழக்குத் தீர்ந்தது. அவருடைய சேகரிப்புகளிற் பெரும்பகுதி 1838 இற் கப்பலோடு கடலில் மூழ்கிப்போயிற்று என்பது வருந்தத்தக்கது.

வில்பிரோவின் வீடு கடற்கரை நகரில் இருந்தது. வேண்டும்பொழுது புதுநீர் கொணர்தல் அவருக்கு எளிது. கடலுக்குத் தொலைவான இலண்டன் மாநகரில் முருகையுயிரை வாழச் செய்த பெருமை அன்னா தின் சீமாட்டியைச் சாரும். இவருடைய கணவர் வெஸ்மினிஸ்டர் பேராலயத்திற் பணிபுரிந்த குருவானவர். 1846 ஆம் ஆண்டிலே தோர்க்கே என்னும் தென்கரை ஊருக்குச் சென்றிருந்தபொழுது, பாறையில் ஒட்டி வளரும் சிறிய முருகையுயிர்கள் சிலவற்றை இச்சீமாட்டி கண்டார். அவற்றை ஒரு பஞ்சுத் துண்டிலே ஊசியும் நூலும் கொண்டு தைத்துக் கடல்நீர் நிறைந்த சாடியில் இட்டு இலண்டனுக்கு எடுத்துச் சென்றார். கல்லாய்ச் சமைந்த உயிரை நூலால் தைத்துக்கொண்டு பயணஞ் செய்தது விந்தையே.

இலண்டனில் இடர் தொடங்கிற்று. கரையிலிருந்து நீரைத் தருவித்து மாற்றிக்கொண்டிருந்தார். எந்நாளும் அது கைகூடவில்லை. நீர் கெடாதிருக்க வழி யாது? ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொரு பாத்திரத்துக்கு உயரத்திலிருந்து ஊற்றினால் நீரிற் காற்றுக் கலக்கும் என அவர் உணர்ந்தார். அவ்வேலை ஒரு பணிப்பெண்ணின் தலையில் விழுந்தது. திறந்த சாளரத்தின் முன்னே நின்று நாள்தோறும் அரைமணி முதல் முக்கால் மணி நேரம்வரை அவள் நீரை ஊற்றி ஊற்றி மாற்றினாள். கடல்நீர்த் தொட்டியின் முதற் காற்றியந்திரம் ஓர் ஏழைப் பெண்ணின் இரு கைகளே எனல் மிகையாகாது. 1847 இற் சீமாட்டி கடற்பாசிகளையும் நீரிலிட்டார். அவை வெளிவிடும் ஒட்சிசன் முருகைக்கு உதவிற்று. இவ்வாறு ஏறக்குறைய மூன்றாண்டுகள் அவ்வுயிர்கள் இலண்டனில் வாழ்ந்தன. அவருடைய குறிப்புகள் 1859 இலேயே அச்சேறின. அதற்குள் வேறு சிலருக்குப் புகழ் கிட்டிவிட்டது.

அவ்வாறு புகழ் பெற்றவருள் ஒருவர் இரசாயன அறிஞர் றொபேட் வரிங்டன். 1849 இல் அவர் எடுத்துக்கொண்டது நன்னீர்த் தொட்டி. இரண்டு மீன்களும் ஒரு நீர்ச்செடியும் அதில் இருந்தன. மீனின் மூச்சுக்கு வேண்டிய ஒட்சிசனைச் செடி தரும், மீன் விடும் காபனீரொட்சைட்டைச் செடி கொள்ளும் என்பது கணக்கு. கணக்குச் சரியே, ஆயினும் சில நாட்களில் இலைகள் அழுகி நீர் வழவழத்துப் பாசி படர்ந்தது. பல நூல்வல்லார் இவ்விடத்திற் கருத்தைத்தான் திருத்தியிருப்பர். வரிங்டன் குளத்தை எண்ணிப் பார்த்தார். குளத்தில் அழுகிய இலையைத் தின்பது எது? நத்தை. சில நத்தைகளைத் தொட்டியிலிட்டதும் நீர் தெளிந்தது. நத்தையின் முட்டைகளும் குஞ்சுகளும் மீனுக்கு உணவாயின. இன்று முருகைத் தொட்டி வைப்போர் நத்தைகளையும் சிறு துறவி நண்டுகளையும் துப்புரவாளராக வைத்திருப்பது இந்த 1849 ஆம் ஆண்டுப் பாடத்தின் தொடர்ச்சியே. வரிங்டன் சிறிது காலத்திற் கடல்நீரிலும் இதே முறையை முயன்றார்.

இங்கிலாந்தில் 1845 இற் கண்ணாடிமீதான வரி நீக்கப்பட்டது. புகையிரதப் பாதைகள் கரையோர ஊர்களை எட்டின. இவ்விரண்டும் இன்றேல் அடுத்து வந்த பெரு மோகம் எழுந்திராது. 1853 ஆம் ஆண்டு மே மாதத்தில் இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் மக்கள் காண்பதற்கென மீன் மாளிகை ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு உயிர்களைத் திரட்டி உதவியவருள் பிலிப் ஹென்றி கொஸ் என்னும் இயற்கை நூலாசிரியரும் ஒருவர். 1854 இல் அவர் வெளியிட்ட ‘அக்குவேரியம்’ என்னும் நூல் அச்சொல்லையே உலகெங்கும் பரப்பிற்று. கறியுப்பு, மகனீசியம் சேர்ந்த உப்புகள், பொற்றாசிய உப்பு ஆகியவற்றைக் குறித்த அளவிற் கரைத்துச் செயற்கைக் கடல்நீர் ஆக்கும் வழியையும் அவர் வெளியிட்டார். கடலைக் காணாத ஊரிலும் இனிக் கடல் வைக்கலாம் என்ற நிலை உண்டாயிற்று.

விளைவு யாது? ஆங்கிலக் குடும்பங்கள் உளியும் கூடையும் ஏந்திக் கரையோரப் பாறைகளை முற்றுகையிட்டன. பாறைக்குழிகளில் நூற்றாண்டுகளாக இருந்த கடற்சாமந்திகளும் பாசிகளும் பெயர்த்தெடுக்கப்பட்டன. கொஸின் மகன் எட்மண்ட் 1907 இல் எழுதிய தன்வரலாற்றிலே, தந்தையின் நூல்களே அக்கரைகளின் அழிவுக்கு வழிகாட்டின என்றும், அதனை எண்ணித் தந்தை மனம் நொந்தார் என்றும் கூறுகிறார். கொண்டுசென்ற உயிர்களும் வாழவில்லை. பத்தாண்டுக்குள் மோகம் தணிந்தது. தொட்டிகள் பரண் ஏறின.

ஏன் வாழவில்லை என்பதை நன்கு உணர்ந்தவர் வில்லியம் அல்போட் லொயிட். இலண்டனில் கடலுயிர்களும் தொட்டிகளும் விற்கும் கடை நடத்தி, மோகம் தணிந்ததும் பொருளிழந்தவர் அவர். பின்னர் செருமனியின் ஹம்பேர்க் நகரில் 1864 இல் திறக்கப்பட்ட காட்சிச்சாலையிலும், இலண்டன் பளிங்கு மாளிகையில் 1871 இல் திறக்கப்பட்ட காட்சிச்சாலையிலும் தமது கருத்தைச் செயலாக்கினார். காட்சித் தொட்டிகளிலுள்ள நீரினும் பன்மடங்கு நீரை நிலத்தின் கீழே இருட்டறையில் தேக்கிவைத்தார். பம்பிகள் அந்நீரை மேலே ஏற்றும். தொட்டிகளில் ஓடி மீண்டும் அது கீழே இறங்கும். இருட்டிற் பாசி படராது; நிலத்தடியில் வெப்பம் மாறாது; அழுக்குப் பெருநீரிற் கலந்து அடங்கிவிடும். மீன் நீந்துவதற்கு வேண்டிய நீர் வேறு, மீன் பிழைப்பதற்கு வேண்டிய நீர் வேறு என்பதே லொயிட் கண்ட உண்மை. வீட்டுப் பெருந்தொட்டிகளின் அடியிலே அலுமாரிக்குள் மறைத்து வைக்கப்படும் இரண்டாந் தொட்டி, இந்த நிலவறையின் சிறு வடிவமாகும்.

சிறு தொட்டியிலிருந்து பெருந்தொட்டிக்கு மாறுவதன் நியாயத்தை ஓர் எளிய கணக்கினால் விளக்கலாம். கடல்நீரின் ஒவ்வொரு கிலோகிராமிலும் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. நாற்பது இலீற்றர்த் தொட்டியில் ஒரு இலீற்றர் நீர் ஆவியானால் எஞ்சிய நீரின் உப்பு ஏறத்தாழ 36 கிராமாகும். நானூறு இலீற்றர்த் தொட்டியில் அதே ஒரு இலீற்றர் குறைந்தால் ஏற்படும் மாற்றம் ஒரு கிராமின் பத்திலொரு பங்கு மாத்திரமே. வெப்பத்துக்கும், அழுகும் ஒரு மீனின் நஞ்சுக்கும் இதே கணக்குத்தான். மழையிலும் வெயிலிலும் கடல் மெதுவாகவே மாறும். முருகையுயிர் அந்த மெத்தனத்துக்குப் பழகியது. ஆகவே சிறு தொட்டி வைத்திருப்பவர் நாள்தோறும் நன்னீர் வார்த்து ஈடுசெய்தல் வேண்டும். ஒருநாள் மறந்தாலும் தண்டனை பெறுவது தொட்டியே.

நீரின் அளவு மாத்திரம் போதாது. மீனின் கழிவிலிருந்து அமோனியா பிறக்கிறது. அது கொடிய நஞ்சு. மண்ணில் வாழும் ஒருவகைப் பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாகவும், வேறொரு வகையின நைத்திரைற்றை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன என்பதை இரசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890 ஆம் ஆண்டையொட்டி நிறுவினார். தொட்டி வைத்திருந்தோர் இதனை உணரப் பல பதிற்றாண்டுகள் ஆயின. புதிய தொட்டியில் அவசரப்பட்டு உயிர்களை விட்டால் அவை இறப்பது இப்பற்றீரியாக்கள் இன்னும் பெருகாமையினாலேயே. பழைய தொட்டியிலிருந்து புதிய தொட்டிக்கு மாறுவோர் பழைய கற்களை உலரவிடாது ஈரத்தோடு கொண்டுசெல்லுதலும் இதுபற்றியே. கண்ணுக்குத் தெரியாத அக்குடிகளைக் குடிபெயர்த்த பின்னரே மீன்களைக் குடிபெயர்த்தல் முறை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விமானப் போக்குவரத்தும் பிளாத்திக்குப் பைகளும் வந்தன. வெப்பமண்டலக் கடல்மீன்கள் ஓரிரு நாட்களில் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் அடைந்தன. இவ்வணிகம் 1930களில் மிகச் சிறிய அளவில் இலங்கையிலேயே தொடங்கியதாகக் கூறுவர். இலங்கையின் முன்னோடிச் சுழியோடிகளுள் ஒருவரான றொட்னி ஜொங்க்ளாஸ் கடல் அலங்கார மீன்களைப் பிடிக்கும் முறைபற்றி எழுதிய நூல் 1975 இல் வெளிவந்தது. மீனுக்கு ஊறின்றி அதனைக் கைவலையாற் பிடித்தல் பொறுமை வேண்டும் தொழில். பிலிப்பைன்சுக் கடலில் 1960களிலிருந்து சயனைட்டு நஞ்சைப் பாறையிடுக்குகளிற் பீச்சி மீனை மயக்கிப் பிடித்தனர். அந்நஞ்சு மீனின் ஈரலையும், அதற்கு உறைவிடமான முருகையையும் சேர்த்தே கெடுத்தது.

அக்காலத்து வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் மீன் இருந்தது. உயிருள்ள முருகை இல்லை. வெளுத்துச் சுத்தஞ் செய்த முருகைக் கூடுகளே அலங்காரமாக வைக்கப்பட்டன. நோய் வந்தால் செப்புச் சல்பேற்றை இடுவர். அது மீனைக் காக்கும், நத்தையையும் முருகையையும் கொல்லும். தூய்மையே உயிர் எனக் கருதிய காலம் அது. இவ்வெண்ணத்துக்கு நேர்மாறான முறை ஆசியாவிலிருந்து வந்தது. இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், வடிகட்டி எதுவுமின்றி, கடலிலிருந்து எடுத்த உயிர்க்கற்களையும் சிறு காற்றுக்குமிழியையும் ஞாயிற்றொளியையும் மாத்திரம் கொண்டு முருகைகளை வளர்த்தார். 1961 இல் அமெரிக்க மீன்வளர்ப்புச் சஞ்சிகையொன்று அவரது முறையை வெளியிட்டது. உயிர்க்கல் என்பது துளைகள் நிறைந்த முருகைச் சிதைவு. அதன் புறத்தே ஒட்சிசன் விரும்பும் பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரேற்றாக்கும். ஒட்சிசன் எட்டாத அகத்தே வேறு பற்றீரியாக்கள் நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கி வெளியேற்றும். இவ்விளக்கம் பின்னாளில் வந்தது. லீ சின் எங் கடலைப் பார்த்துக் கற்றார். சாத்திரம் அவரைப் பின்தொடர்ந்தது.

குளிர்நாடுகளில் அவரைப் பின்பற்றிய பலர் தோல்வியுற்றனர். கற்கள் நெடும்பயணத்தில் அழுகின. அதனினும் பெரிய குறை ஒளி. தின் சீமாட்டியின் முருகை இங்கிலாந்தின் குளிர்க்கடலைச் சேர்ந்தது. அதற்கு ஒளி வேண்டியதில்லை. வெப்பக்கடலில் பாறைகளைக் கட்டும் முருகையோ தன் உடலினுள் நுண்ணிய பாசிகளை வைத்து வளர்க்கிறது. அப்பாசிகள் ஞாயிற்றொளியில் ஆக்கும் உணவே முருகைக்குப் பெரும்பங்கு உணவு. மோரிஸ் யொங் தலைமையில் 1928, 1929 ஆம் ஆண்டுகளில் அவுத்திரேலியப் பெருந்தடைப் பாறைக்குச் சென்ற ஆய்வுக்குழு இவ்வுறவை ஆராய்ந்தது. ஆனால் ஐரோப்பிய வீட்டு விளக்குகள் அப்பாசிகளுக்குப் பட்டினியையே கொடுத்தன.

இக்குறையைத் தீர்த்தவர்கள் பேராசிரியர்கள் அல்லர். பேர்லின் நகரத்து மீன்வளர்ப்புச் சங்கத்தார். பீற்றர் வில்கென்ஸ் என்பவரின் நூல் 1973 இல் செருமன் மொழியில் வெளிவந்தது. டீற்றிச் ஸ்ரூபர் முதலியோர் அவ்வழியில் மேலும் சென்றனர். உயிர்க்கற்களோடு வலிய உலோக ஆவி விளக்குகளைச் சேர்த்தனர். நுண்குமிழிகளை ஒரு குழாயில் எழுப்பி, அவற்றில் ஒட்டிவரும் கழிவை நுரையாகப் பிரித்தெடுத்தனர். கரையில் அலை ஒதுக்கும் நுரையை நோக்கினால் இதன் தத்துவம் விளங்கும். முருகை கூடு கட்டச் சுண்ணம் வேண்டுமென்பதால், ஆவியாகும் நீருக்கு ஈடாகத் தெளிந்த சுண்ணாம்பு நீரையே துளித்துளியாக வார்த்தனர். ஹிக்கடுவை முதல் அம்பலாங்கொடை வரையான கரையில் முருகைக்கல்லைச் சூளையிற் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கினார்கள். பேர்லினிலோ சுண்ணாம்பைக் கரைத்து முருகைக்கல் ஆக்கினார்கள். இலங்கையில் கரையோர வலயத்தில் முருகைக்கல் எடுப்பதையும் சுடுவதையும் 1988 ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் தடைசெய்தது.

1980களில் ஸ்ரூபரின் தொட்டியில் கிளைமுருகைகள் வளர்ந்தன. அவற்றின் கிளைகளை ஒடித்து நண்பருக்கு வழங்கினார். ஒடித்த துண்டு முருங்கைக் கொம்புபோல் ஊன்றிய இடத்தில் வளர்ந்தது. ஒரு கிளை நூறு தொட்டிகளுக்குத் தாயாகலாம் என்றால், பாறையை உடைக்க வேண்டிய தேவை குறையுமன்றோ? அமெரிக்கர் 1986 அளவிற் சொட்டுவடிகட்டிகளைக் கொண்டு சிறு முருகைத் தொட்டிகளைப் பரப்பினர். அவ்வடிகட்டிகள் நைத்திரேற்றைக் குவித்தமையால் பின்னர் அவர்களும் பெரும்பாலும் பேர்லின் வழிக்கே வந்தனர். மொனாக்கோவிலே ஜோபேர் என்னும் அறிஞர் மணற்படுக்கையைப் பயன்படுத்தும் வேறொரு வழி கண்டார்.

எனினும் மீன்கள் கடலிலிருந்தே வந்தன. ஆண்டுதோறும் இரண்டு கோடிக்கு மேற்பட்ட கடல் அலங்கார மீன்கள் விற்பனையாவதாக ஐக்கிய நாடுகள் சூழற்றிட்டத்தின் 2003 ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை பிடிக்கப்பட்டவை, வளர்க்கப்பட்டவை அல்ல. கொஸ் வருந்தியது வீண் வருத்தமன்று. ஆனால் இதற்கிடையிற் பாறைகளுக்கு வேறோர் இடர் வந்துவிட்டது. 1998 இற் கடல்நீர் சூடேறியபொழுது இலங்கையின் ஹிக்கடுவை, கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் றீவ் முதலிய இடங்களின் முருகைகள் தம் உடற்பாசிகளை இழந்து வெளுத்து மடிந்தன. கூடை ஏந்திய சேகரிப்போர் செய்த தீங்கு இதன் முன் சிறிதாகிவிட்டது.

இப்பொழுது தொட்டியின் பணி தலைகீழாயிற்று. பெரும்பாலான முருகையினங்கள் ஆண்டுக்கு ஒருமுறை, குறித்த நிலவுநாளின் இரவிலே முட்டைகளை நீரில் விடுகின்றன. மூடிய தொட்டியில் அதனைத் திட்டமிட்டு நிகழ்த்துதல் நெடுங்காலம் கைகூடாதிருந்தது. இலண்டனின் ஹோர்ணிமன் அரும்பொருட்சாலையில் ஜேமி கிராக்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் கணினியின் துணைகொண்டு, முருகை பிறந்த கடலின் பருவ வெப்பத்தையும் ஞாயிற்றின் மறைவையும் நிலவின் வளர்தேய்வையும் தொட்டியிலே நாள்தவறாமற் பின்பற்றினர். சிங்கப்பூரிலிருந்தும் பெருந்தடைப் பாறையிலிருந்தும் வந்த முருகைகள் முன்கூட்டிக் கணித்த காலத்தில் முட்டையிட்டன. இவ்வாய்வு 2017 இல் வெளியாயிற்று. பணிப்பெண் நீர் ஊற்றிய அதே மாநகரில், 170 ஆண்டுகளுக்குப் பின்னர் இது நிகழ்ந்தது. அமெரிக்காவின் புளோரிடாவில் தூண்முருகை என்னும் அருகிவரும் இனம், ஹோர்ணிமன் முறையைத் தழுவி 2019 இல் ஆய்வுக்கூடத் தொட்டியில் முட்டையிட்டது. நான்காண்டு கழித்து, 2023 ஆம் ஆண்டுக் கோடையிற் புளோரிடாக் கடல் பொறுக்கவியலாத அளவு சூடேறிற்று. சுழியோடிகள் இறங்கி, நாற்றுமேடைகளில் வளர்ந்த முருகைத் துண்டுகளைக் கடலிலிருந்து எடுத்தனர். ஈரம் உலராமற் கரைக்குக் கொண்டுவந்து, குளிர்ந்த நீரோடும் தொட்டிகளில் வரிசை வரிசையாக அடுக்கினர்.